இறுதிக் குறும்படம்: மலையில் எடுப்பவர்கள் முதலில் சத்தத்தைப் பிடியுங்கள்

பெறுபேறு வந்துவிட்டது. ஊடக டிப்ளோமா பாஸ். இறுதிக் குறும்படத்தில் ஆகக்கூடிய புள்ளி எடிட்டிங்குக்குத்தான். மனம் லேசாக இருக்கும்போதே அடுத்த பேட்ச் தம்பி தங்கச்சிமாருக்கு இதை எழுதிவிடுகிறேன். திரைக்கதை, ஷாட் பட்டியல் எல்லாம் வகுப்பிலேயே கிடைக்கும். நம் மலையின் வெளிச்சத்தை என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

என் படம் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில் நடக்கிறது. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கழிப்பார்களே, அதுதான் கதை. ஒரே நிறுவைக்குள் வெயில் அடிக்கும், பனி மூடும், மறுபடி வெயில் வரும். இந்த ஷாட்டில் பின்னால் தெரிந்த தேயிலை மலை அடுத்த ஷாட்டில் இருக்காது. கலர் கரெக்‌ஷன் செய்து இதைச் சரிக்கட்ட முடியாது. சத்தத்தால் முடியும்.

நிறுவை தொடங்கியதிலிருந்து முடியும்வரை சத்தத்தைத் தனியாக, நடுவில் நிறுத்தாமல் பதிவு செய்யுங்கள். இன்னொரு போன் போதும். தராசுக் கொக்கியில் சாக்கை மாட்டும் சத்தம், கணக்கப்பிள்ளையின் குரல், வரிசையில் நிற்கும் அக்காமாரின் முணுமுணுப்பு எல்லாம் ஒரே ஓட்டமாகக் கிடைக்கும். எடிட்டிங்கில் முதலில் அதை மட்டும் டைம்லைனில் போட்டு, கண்ணை மூடிக் கேட்டு வெட்டுங்கள். படத்தை அதற்குப் பிறகு அடுக்கலாம். “பதினேழு, ரெண்டு கழிச்சு பதினஞ்சு” என்ற குரல் பனியில் தொடங்கி வெயிலில் முடிந்தாலும், பார்ப்பவர் கவனம் கழிந்த அந்த ரெண்டு கிலோவில்தான் நிற்கும். என்னைக் கேட்டால் மலைநாட்டில் வேறு வழியே இல்லை.

பேட்டி எடுப்பது எனக்கு ஒத்துவராது, ஓரமாக நிற்பதுதான் என் சுபாவம். “தம்பி, மொதல்ல நிறுவை முடியட்டும், அப்புறம் படம் புடி” என்றார் ஓர் அக்கா. சரி என்று கமராவை வைத்துவிட்டுச் சாக்குத் தூக்கிக் கொடுத்தேன். முடிந்ததும் அவரே வந்து பேசினார். படத்தின் முடிவே அந்தப் பேச்சுதான். தோட்ட அனுமதியை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

கமராவுக்கு:
- நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். டியூப் லைட்டுக்குக் கீழே நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி. போனில் 30 ஃப்ரேம், 1/60 என்று விட்டால் படம் துடிக்கும்.
- ஆட்டோ எக்ஸ்போஷர் பனியைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை அரையிலிருந்து ஒரு ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு).
- வைட் பேலன்ஸைப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கமரா தானாகவே நிறத்தை மாற்றிக்கொண்டிருக்கும்.
- காலைக் குளிரிலிருந்து பெக்டரிச் சூட்டுக்குள் போனதும் லென்ஸில் நீர் படியும். கமரா பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருக்கட்டும்.
- குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை எங்கிருந்தாவது எடுத்து வந்து நடுவில் சொருகாதீர்கள். அழகுக்காக வைத்த ஷாட் கதையை நிறுத்திவிடும்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம். பழைய லேப்டாப் என்றால் ப்ராக்ஸி (கிளிப்புகளின் எடை குறைந்த நகல்) உருவாக்கி வெட்டுங்கள். கிளிப்புகளைப் போடுவதற்கு முன்பே புரொஜெக்ட் செட்டிங்கில் ஃப்ரேம் ரேட்டை 25 என்று வையுங்கள். பிறகு அதை மாற்ற அது விடாது.