பிபிஎம்என்னை எங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றப் போய்…

எங்கள் நிறுவனத்தின் வேலை நடைமுறைகளைப் படமாக வரையும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, வேலை நடைமுறைகளை வரைவதற்கென்று 2011இல் ஓஎம்ஜி என்ற தர அமைப்பு வெளியிட்ட குறியீட்டு முறையான பிபிஎம்என் 2.0ஐ அப்படியே எடுத்துக்கொண்டால் போதும் என்றுதான் நினைத்தேன். முதல் கூட்டத்திலேயே தணிக்கைப் பிரிவினர், "எந்த வேலையில் தப்பு நடந்தால் ஆபத்து என்று படத்திலேயே தெரிய வேண்டாமா?" என்றார்கள். நியாயம்தான். ஆனால் அதற்கென்று அதில் தனிக் குறி கிடையாது. சரி, ஆபத்தான வேலைகளைக் குறிக்கும் பெட்டிகளுக்கு மட்டும் ஓரத்தைத் தடிமனாகப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம், பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது.

சில வாரம் கழித்து, புதிதாகச் சேர்ந்த ஒருவர் வந்து "இன்வாய்ஸைச் சரிபார்" என்ற பெட்டிக்கு உரிய படம் எங்கே என்று கேட்டார். காலையிலிருந்து தேடியிருக்கிறார், பாவம். அவர் மேல் தப்பில்லை. பெட்டிக்குத் தடித்த ஓரம் என்றால் கால் ஆக்டிவிட்டி, அதாவது வேறிடத்தில் வரைந்து வைத்திருப்பதை இங்கே அழைக்கிறோம் என்று பொருள். நிகழ்வைக் காட்டும் வட்டத்துக்குத் தடித்த ஓரம் என்றால் முடிவு, இரட்டைக் கோடு என்றால் இடையில் நடப்பது.

அப்புறம்தான் விதிநூலில் நீட்டிப்பு பற்றிய பகுதியை ஒழுங்காகப் படித்தேன். இருக்கிற வடிவத்தின் பொருளோடு மோதாமல் கூடுதல் குறி, நிறம், புது ஆர்ட்டிஃபேக்ட் (குறிப்பு போன்ற துணை வடிவம்) சேர்த்துக்கொள்ளலாம். நிறத்தை விட்டுவிட்டோம், இங்கே பாதிப் பேர் கறுப்பு வெள்ளையில்தான் அச்செடுக்கிறார்கள். பெட்டியின் இடது மூலையில் டாஸ்க், அதாவது வேலை, எந்த வகை என்று காட்டும் சின்னம் வரும் என்பதால் வலது மேல் மூலையில் ஒரு சின்ன முக்கோணம் வைத்தோம், ஆபத்தின் அளவு, பொறுப்பாளர் போன்ற விவரங்கள் படத்தைச் சேமிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில், கூடுதல் தகவலுக்கென்று உள்ள எக்ஸ்டென்ஷன் எலிமெண்ட்ஸுக்குள், எங்கள் சொந்த நேம்ஸ்பேஸில் (மற்றவர்கள் வைக்கும் பெயர்களோடு மோதாமலிருக்க வைக்கும் தனி அடையாளம்) போயின. ஒருநாள் யாரோ அந்தக் கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து சேமிக்க, முக்கோணமும் போச்சு, விவரமும் போச்சு. இப்போது எந்தப் புது மென்பொருள் வந்தாலும் முதலில் ஒரு கோப்பைத் திறந்து, எதையும் தொடாமல் சேமித்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

சேர்த்தது அவ்வளவுதான், எடுத்துப் போட்டதுதான் அதிகம். நிகழ்வு வட்டங்களில் மட்டும் ஐம்பது வகைக்கு மேல் இருக்கிறது, எங்களுக்குத் தொடக்கம், முடிவு, செய்தி, நேரம், பிழை போதும். கேட்வே என்பது பாதை பிரியும் அல்லது சேரும் இடம்; அதில் சிக்கலான நிபந்தனைகளுக்கான காம்ப்ளெக்ஸ் கேட்வேயைத் தூக்கியபோது யாரும் கவனிக்கக்கூட இல்லை. ஒன்றோ பலவோ பாதைகளில் போகவிடும் இன்க்ளூசிவ் கேட்வேயில்தான் இன்னும் இழுபறி. நான் எடுக்கச் சொல்கிறேன், கொள்முதல் பிரிவு விடமாட்டேன் என்கிறது.