விடியக்காலைல மட்டும் லீக் ஆன டிரிப்

மாடில 40 செடித் தொட்டிக்கு டிரிப் (சொட்டு நீர் பாசனம்) போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, நானே போட்டது தான். 16 எம்எம் மெயின் டியூப், அதுல இருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் 4 எம்எம் சின்ன டியூப், நுனில மணிக்கு 4 லிட்டர் விடுற டிரிப்பர். டைமர் காலைல 5 மணிக்கு ஆன் ஆகி 15 நிமிஷத்துல தானா நின்னுடும். நான் எந்திரிக்கிறதோ 7 மணிக்கு.

கொஞ்ச நாளாவே காலைல போய் பாத்தா தரை நனைஞ்சு கெடக்கு, ஒரு பக்கம் தொட்டி எல்லாம் காஞ்சு போய் இருக்கு. சரின்னு சாயங்காலம் கைல டைமரை ஆன் பண்ணி ஒவ்வொரு ஜாயிண்டா தடவிப் பாத்தேன். ஒரே ஒரு இடத்துல சொட்டு சொட்டா வந்துச்சு, அவ்ளோ தான். அதை சரி பண்ணா மறுநாள் வேற எடம் ஈரம். அதை சரி பண்ணா இன்னொரு எடம். மூணு வாரம் இதே பொழப்பு.

இதுல நான் பண்ண கூத்தையும் சொல்லிடறேன். ஜாயிண்ட்ல இருந்து பழைய டியூப் கழண்டு வரலைன்னு பிளேடால நீளவாக்குல கீறி எடுத்தேன், டியூப் வந்துச்சு, கூடவே உள்ள இருந்த ஜாயிண்ட்டோட வரிப்பல்லு (டியூப்பைக் கவ்விப் பிடிக்கிற வரி வரியான மேடு) மேலயும் ஒரு கோடு விழுந்துடுச்சு. கண்ணுக்கே சரியா தெரியாத கோடு தான், புது டியூப் சொருகினதும் தண்ணி அது வழியாவே நூல் மாதிரி வருது. அந்த ஜாயிண்ட் போச்சு. அப்புறம் தான் புத்தி வந்து, டியூப்போட தளர்ந்த நுனியை ரெண்டு செமீ வெட்டிட்டு, கொதிக்காத சூடான தண்ணில கொஞ்ச நேரம் முக்கி இளக வச்சு சொருகினேன், கிண்ணுனு உக்காந்துச்சு. டெஃப்லான் டேப்பை வேற எல்லாத்துலயும் சுத்தி வச்சிருந்தேன், அது மரை போட்ட எடத்துக்கு மட்டும் தான், சொருகுற ஜாயிண்ட்ல சுத்தினா பிடிப்பு தான் போகும். டைமர் குழாயோட சேர்ற எடத்துல ஒழுகினதுக்கு டேப்பே தேவைப்படல, உள்ள இருந்த ரப்பர் வாஷர் காஞ்சு வெடிச்சிருந்துச்சு, மாத்தினதும் நின்னுடுச்சு.

இவ்ளோ பண்ணியும் ஈரம் நிக்கல. வீட்ல தான் கேட்டாங்க, "ஷவர்ல தண்ணி பத்தலைன்னு ப்ரெஷர் பம்ப் வச்சோமே, அதுக்கு அப்புறம் தான இது?" நான் அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு சொல்லிட்டு போயிட்டேன். ஆனா மனசுல உறுத்திட்டே இருந்துச்சு.

மறுநாள் 4:50க்கு அலாரம் வச்சு டார்ச்சோட மேல போய் உக்காந்தேன். 5 மணிக்கு டைமர் க்ளிக்னு ஆச்சு, ரெண்டு நிமிஷம் கூட இல்ல, டப்புனு ஒரு சத்தம், சின்ன டியூப் மெயின்ல இருந்து பிடுங்கிட்டு பாம்பு மாதிரி ஆடுது, தண்ணி என் மூஞ்சி மேல அடிக்குது. நாலு டிரிப்பர் சொட்டாம பீச்சுது. அப்ப தான் உறைச்சது. சாயங்காலம் நான் செக் பண்றப்ப கீழ கிச்சன், பாத்ரூம்னு எல்லா பைப்பும் ஓடும், ப்ரெஷர் பிரிஞ்சு போயிடும். விடியக்காலைல யாரும் பைப்பை தொறக்க மாட்டாங்க, பம்ப்போட மொத்த அழுத்தமும் டிரிப்புக்குத் தான். ப்ரெஷரை பார் கணக்குல அளக்குற கேஜ் மாட்டி பாத்தேன், சாயங்காலம் 1.5 பார், காலைல 3க்கு மேல. டிரிப்புக்கு 1 பார் சுமார் இருந்தாலே தாராளம்.

அழுத்தத்தைக் குறைச்சு விடுற ஒரு ப்ரெஷர் ரெகுலேட்டர் வாங்கி டைமர், பில்டர், அதுக்கு அப்புறம் ரெகுலேட்டர்னு வரிசையா மாட்டினேன். கையோட மெயின் டியூப் நுனில இருக்குற மூடியை, அதான் எண்ட் கேப்பை, கழட்டி விட்டு தண்ணி ஓட்டினா டீத்தண்ணி கலர்ல அழுக்கு, பில்டர் வலையிலயும் அதே தான். 11 டிரிப்பர் உப்பு படிஞ்சு அடைச்சிருந்துச்சு. காஞ்ச தொட்டிக்கு காரணம் இது, அதுங்க வழியா போக முடியாத தண்ணியும் சேந்து மத்த ஜாயிண்டை தான் அமுக்கியிருக்கு. வினிகர்ல ஒரு ராத்திரி ஊற வச்சதுல 8 தேறுச்சு, 3 குப்பைக்கு.

தேறினதை எப்படி செக் பண்ணேன்னா, 4 லிட்டர் டிரிப்பர்னா நிமிஷத்துக்கு 67 மில்லி வரணும், அதாவது 15 செகண்டுக்கு 17 மில்லி கிட்ட. மருந்து அளக்குற குட்டி கப்பை கீழ புடிச்சு போன்ல டைம் பாத்தேன். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு.

இப்ப பத்து நாளா தரை காஞ்சு இருக்கு. கடைசி எண்ட் கேப் மட்டும் இன்னும் லேசா சொட்டுது, அதுக்கு கீழ ஒரு மணி பிளாண்ட் தொட்டியை நகத்தி வச்சுட்டேன். பம்ப் விஷயத்தை வீட்ல இன்னும் நான் ஒத்துக்கல.