இரத்தத்தில் கசியும் நரம்பு

கோவிட்டிலிருந்து மீண்ட ஒருவர், இன்று காலை என் எதிரில் அமர்ந்து தம் மகளின் பெயரைச் சொல்ல வாயெடுத்தவர், சட்டென நின்றுவிட்டார்.

மூளை ஸ்கேனில் குறையேதும் இல்லை.

நரம்பிழை சிதையும்போது அதனுள்ளிருக்கும் நியூரோஃபிலமென்ட் என்னும் புரதம் மூளைத் தண்டுவடத் திரவத்தில் கசிந்து இரத்தத்தையும் அடைகிறது. அங்கே அதை அளப்பது பிகோகிராமில், அதாவது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கில். கோவிட் தீவிரமானவர்களிடம் இது உயர்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் வயது ஏறினாலும் இது கூடும், சிறுநீரகம் தளர்ந்தாலும் கூடும். சிதைவு எதனால் வந்தது என்பதையும் அது சொல்லாது.

ஆகவே அவருடைய இரத்தப் பரிசோதனையில் இந்தப் புரதம் உயர்ந்திருந்தும், அந்த ஒற்றை எண்ணை வைத்து அவரை அச்சுறுத்த எனக்கு மனம் வரவில்லை. சில வாரங்கள் கழித்து மீண்டும் இரத்தம் எடுத்து, அளவு இறங்குகிறதா என்று பார்ப்போம் என்றேன்.

கதவருகே போனவர், திரும்பி நின்று மகளின் பெயரைச் சொன்னார்.