நடுவது ஒரு காலை, பிடுங்குவது பல வருடம்

மரம் நடும் நாள் என்று அறிவித்தால் பெயர் கொடுக்க ஆள் இருக்கும். களை எடுக்கும் நாள் என்றால் "அடுத்த முறை பார்க்கலாம்" என்பார்கள். நியாயம்தான். நடும்போது பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம், படம் எடுக்கலாம். களை எடுத்தால் முதுகு வலியும் கொசுக்கடியும்தான் மிச்சம். ஆனால் சிங்கப்பூரின் நடுவில் எஞ்சியிருக்கும் காட்டுக்கு இன்று அதிகம் தேவைப்படுவது பிடுங்கத் தெரிந்த கைகள். ஏன் அப்படி என்று புரிய, அந்தக் காட்டின் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

மெக்ரிட்ச்சி, பியர்ஸ், சிலேத்தார் நீர்த்தேக்கங்களைச் சுற்றி நிற்பது மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதி. 2,000 ஹெக்டருக்கு மேல். புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு அந்தப் பக்கம் புக்கிட் தீமா குன்று, உயரம் 163 மீட்டர். உள்ளே நடக்கிறவர்களுக்கு ஆதிகாலக் காடு என்றே தோன்றும். சில துண்டுகள் அப்படித்தான். பெரும்பகுதி ஒரு காலத்தில் மொட்டையாக்கப்பட்டு மீண்டும் வளர்ந்த நிலம்.

மொட்டையாக்கியது காம்பியர். அது ஒரு செடி; அதன் இலையிலிருந்து வெற்றிலையோடு போடும் காசுக்கட்டி மாதிரியான சாறு எடுப்பார்கள். தோல் பதனிடவும் ஏற்றுமதியானது. இலையை மணிக்கணக்கில் கொதிக்க வைக்க வேண்டும் என்பதால் தோட்டத்துக்கு வெட்டியது போக, விறகுக்கும் காடு போனது. பிழிந்த சக்கை மிளகுக் கொடிக்கு உரம். பதினைந்து இருபது வருடத்தில் மண் சத்து தீர்ந்ததும் தோட்டக்காரர்கள் அடுத்த துண்டுக்குப் போனார்கள். விட்டுப்போன இடத்தில் லாலாங் புல் ஏறியது. 1854இல் பிரிட்டிஷ் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் புக்கிட் தீமா பக்கம் தங்கி இரண்டே மாதத்தில் ஏறக்குறைய 700 வகை வண்டுகளைச் சேர்த்தார். இதைக் காட்டின் வளத்துக்குச் சான்றாகவே எல்லோரும் சொல்வார்கள். அவரே சொன்ன காரணம் வேறு: மரவெட்டிகள் தினமும் வெட்டிப் போட்ட மரம் அழுகிக் கிடந்ததால் வண்டுகள் அங்கே வந்து குவிந்தன. அழிவுதான் அந்தப் பட்டியலை நீளமாக்கியது.

1883இல் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நத்தானியல் கேன்ட்லி காடுகளின் நிலை பற்றி அறிக்கை கொடுத்த பிறகுதான் வனக் காப்பு என்ற பேச்சே நடைமுறைக்கு வந்தது. புக்கிட் தீமா அப்போது ஒதுக்கப்பட்டது. மற்ற பகுதியைக் காப்பாற்றியது ஊரின் தாகம். 1857இல் வணிகர் டான் கிம் செங் தண்ணீர் வசதிக்காக 13,000 வெள்ளி கொடுத்தார். 1868இல் முதல் நீர்த்தேக்கம் கட்டி முடிந்தது. அதற்கு மெக்ரிட்ச்சி என்ற பெயர் 1922இல்தான் வந்தது. நீர் தெளிவாக இருக்க வேண்டுமானால் சுற்றியுள்ள மேட்டில் யாரும் உழக்கூடாது, வெட்டக்கூடாது. குரங்குக்காகவும் அழுங்குக்காகவும் அன்று யாரும் கவலைப்படவில்லை. தண்ணீருக்குப் போட்ட வேலிக்குள் அவையும் பிழைத்துக்கொண்டன. இயற்கை வனச் சட்டம் வந்தது 1951இல்.

பிறகு 1986இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை திறந்தது. ஒரே காடு இரண்டாயிற்று. அடுத்த வருடமே, 1987இல், புக்கிட் தீமாவில் மிஞ்சியிருந்த கடைசி ராஃபிள்ஸ் லங்கூரை நாய்கள் கடித்துக் கொன்றன. மர உச்சியிலேயே வாழ்கிற குரங்கு அது. கிளை கிளையாகத் தாவிப் போக வழியில்லாமல் தரைக்கு இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை. 2013இல் அதே சாலைக்கு மேல் 62 மீட்டர் நீளத்தில், குறுகலான இடத்திலும் 50 மீட்டர் அகலம் இருக்கும்படி விலங்குகளுக்குப் பாலம் கட்டினார்கள். மேலே மண் கொட்டி, காட்டுச் செடி நட்டார்கள். நல்ல வேலை. ஆனால் பிரித்த காட்டை ஒட்டவைக்க 27 வருடம் ஆனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மக்கள் பங்கு என்று பார்த்தால் இரண்டு சம்பவங்கள் முக்கியம். 1992இல் லோவர் பியர்ஸ் பக்கத்தில் கோல்ஃப் மைதானம் அமைக்கும் திட்டம் வந்தது. இன்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் என்று அறியப்படும் அமைப்பு கையெழுத்து திரட்டியதோடு நிற்கவில்லை. அங்கே என்னென்ன உயிரினம் இருக்கிறது, மைதானம் வந்தால் நீருக்கு என்ன ஆகும் என்று சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையைத் தானே எழுதிக் கொடுத்தது. திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து 2013இல் இந்தக் காட்டு வழியே குறுக்குத் தீவு ரயில் பாதை போகும் என்ற திட்டம். ஆறு வருட விவாதத்துக்குப் பிறகு, 2019 டிசம்பரில், பாதை காட்டுக்கு அடியில் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் போகும் என்று முடிவானது. சுற்றிப் போக வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அது ஏமாற்றம்தான். இருந்தாலும் ஆழமும், மேலே வேலைத்தளம் போடும் இடமும் அந்த வாதங்களால் மாறியவை. இரண்டு முறையும் எடுபட்டது உணர்ச்சியைவிட உயிரினப் பட்டியல்தான். அந்தப் பட்டியலை வருடக்கணக்கில் நிரப்பியவர்கள் வார இறுதியில் பைனாகுலரோடு சுற்றிய தொண்டூழியர்கள்.

இனி மண்ணுக்கு வருவோம்.

தேசியப் பூங்காக் கழகம் காட்டைச் சுற்றி இயற்கைப் பூங்காக்களை வளையமாக வைத்திருக்கிறது: செஸ்ட்நட், வின்ட்சர், தாம்சன், ரைஃபிள் ரேஞ்ச் என்று. கூட்டத்தை வெளியே தாங்கிக்கொள்வது ஒரு நோக்கம். காட்டின் ஓரத்தை வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் மறைப்பது இன்னொன்று. 2019இல் தொடங்கிய பத்தாண்டு வன மீட்புத் திட்டத்தில் இங்கே 250,000 உள்ளூர் மரங்களும் செடிகளும் நட இலக்கு. இந்த நிலம் பழைய ரப்பர் தோட்டம், பழைய கம்பத்து (கிராமத்து) நிலம். மண் அமிலம் மிகுந்தது, சத்து குறைந்தது. வெயில் படும் ஓரத்தில் களை ஏறும். களை ஏறிய இடத்தில் பறவை போட்ட நல்ல விதையும் எழும்பாது.

முதல் எதிரி கிளிடீமியா. தென்னமெரிக்கப் புதர், மார்பளவு வளரும். பெரும்பாலான களைகளுக்கு வெயில் வேண்டும், நிழல் விழுந்தால் தானே ஓயும். இது நிழலிலும் வளரும், அதனால் நடுக்காட்டுக்குள்ளும் நுழையும். ஒவ்வொரு பழத்திலும் தூசி மாதிரி நூற்றுக்கு மேல் விதை. பறவை தின்று பரப்பும். இதைப் பிடுங்கும்போது புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: உள்ளூர்ச் செடியான செண்டுடோக்கையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவது. இரண்டுக்கும் இலையில் காம்பிலிருந்து நுனிவரை வளைந்தோடும் நரம்புகள் உண்டு. பூ இருந்தால் குழப்பமில்லை: செண்டுடோக்குக்குப் பெரிய ஊதாப் பூ, கிளிடீமியாவுக்குச் சின்ன வெள்ளைப் பூ. பூ இல்லையென்றால் இலையையும் தண்டையும் தடவிப் பாருங்கள். கிளிடீமியாவில் நீண்ட ரோமம் நிமிர்ந்து நிற்கும், இலை ஓரம் பல் பல்லாக இருக்கும். சந்தேகம் இருந்தால் தொடாதீர்கள். தப்பிய களையை அடுத்த மாதம் பிடுங்கலாம், பிடுங்கிய கன்றை ஒட்டவைக்க முடியாது.

மழை பெய்த மறுநாள் போனால் பாதி வேலை மிச்சம். தண்டின் அடியைப் பிடித்து, நேராக, மெதுவாக இழுத்தால் வேரோடு வரும். வெடுக்கென்று இழுத்தால் கழுத்தில் முறியும், முறிந்த இடத்திலிருந்து மூன்று தளிர் வரும். வேர் வந்ததும் மண்ணை உதறி, வேர் தரையில் படாமல் மரக்கிளை மேல் போடுங்கள். பழம் இருந்தால் முதலில் பழத்தைப் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டு அப்புறம் செடியைத் தொட வேண்டும். வரிசை மாறினால் நாமே விதைத்தவர்கள் ஆகிவிடுவோம்.

அடுத்தது ஸான்ஸிபார் வள்ளி. நம் காய்வள்ளிக்கு உறவுக்காரன். அதே மாதிரி கொடியின் கணுக்களில் குட்டிக் கிழங்குகள் தொங்கும். கொடியை வெட்டிவிட்டு வந்தால் பார்க்கச் சுத்தமாக இருக்கும், மண்ணுக்குள் இருக்கும் தாய்க்கிழங்கு சில வாரத்தில் மறுபடி கொடி விடும். கொடியை ஆட்டினாலே குட்டிக் கிழங்குகள் பொலபொலவென்று சருகுக்குள் விழும். ஆகவே கொடியை இழுப்பதற்கு முன் எட்டும் கிழங்கையெல்லாம் பறித்துவிட்டு, சருகைக் கையால் விலக்கிக் கீழே விழுந்ததையும் பொறுக்க வேண்டும். பிறகுதான் தாய்க்கிழங்கைத் தோண்டுவது. ஒருவர் ஒரு காலை முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு சின்ன அறை அளவு இடம்தான் முடியும். திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வர வேண்டும். நிகழ்ச்சிப் பட்டியலில் ஒரே இடம் பல முறை வந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், அது நல்ல அறிகுறி. மிக்கானியா கொடியில் கணுவுக்குக் கணு வேர் விடும் என்பதால் துண்டு ஒன்றைக்கூடத் தரையில் விடக்கூடாது.

பிரம்பு குத்தும், கிழிக்கும், சட்டையைப் பிடித்து இழுக்கும். அதற்காக அதை வெட்ட வேண்டாம், அது காட்டின் சொந்தப் பிள்ளை.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் தனியாகக் கிளம்பிவிட வேண்டாம். இயற்கை வனத்துக்குள் அனுமதியில்லாமல் செடியைப் பிடுங்கினால் 50,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். களை என்றாலும் அதே சட்டம்தான். பலருக்கு இது அதிகாரத்தனமாகத் தெரியும். செண்டுடோக் கதையை நினைத்தால் சரி என்றே படுகிறது. கழகத்தின் தொண்டூழியர் இணையப் பக்கத்தில் பதிந்து, குழுவோடு போவதே வழி.

நடும் நாளுக்கே போவதென்றால் சில குறிப்புகள். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முந்தைய நவம்பர் நல்ல சமயம். பிப்ரவரி வறட்சிக்கு முன் வேர் பிடிக்க வேண்டும். கன்றைப் பையோடு நனைத்துவிட்டு, பையைப்போல இரண்டு மடங்கு அகலத்துக்குக் குழி எடுங்கள். ஆழம் பையின் உயரத்தைத் தாண்ட வேண்டாம். நம் மண் களிமண். ஆழக் குழியில் தண்ணீர் தேங்கி அடித்தண்டு அழுகும், செத்துப்போகும் கன்றுகளில் பல இப்படிப் போனவையே. மேல்மண்ணைத் தனியாக வைத்து அதையே முதலில் உள்ளே தள்ள வேண்டும். பைக்குள் வேர் சுருண்டிருந்தால் விரலால் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து அந்த மரம் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். சுற்றிலும் சருகு போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் ஒரு கையகலம் விட்டுவிடுங்கள். காட்டுப்பன்றி புது மண்ணைக் கிளறும், மான் தண்டில் கொம்பைத் தேய்க்கும். அதற்குத்தான் கம்பிவலை.

ஒரு கேள்வி அடிக்கடி வரும்: மெராந்தி, செராயா மாதிரி பெரிய மரங்களை மட்டும் நட்டால் என்ன? அவை சில வருடத்துக்கு ஒரு முறைதான் ஒட்டுமொத்தமாகக் காய்க்கும். விதைக்கு உறக்க காலம் கிடையாது. சில நாளில் முளைக்க வேண்டும் அல்லது சாக வேண்டும். நெல் மாதிரி குதிரில் சேர்த்து வைக்க முடியாது. இறக்கை இருந்தும் விதை தாய்மரத்தைவிட்டு அதிக தூரம் போகாது. வேரோடு ஒரு பூஞ்சை சேர வேண்டும், அது பழைய தோட்ட மண்ணில் குறைவு. வெட்டவெளியில் நட்டால் கருகும். ஆகவே முதலில் மஹாங், லெபான் போன்ற வேகமாக வளர்பவற்றை நட்டு நிழலை உண்டாக்கி, அதன் கீழ் பெரியவர்களைக் கொண்டுவர வேண்டும். அந்த இடைப்பட்ட வருடங்களில் களை எடுக்க ஆள் இல்லாவிட்டால் மிக்கானியா ஏறி எல்லாவற்றையும் போர்வை போட்டு மூடிவிடும்.

நம்மவர்களுக்கென்று ஒரு வார்த்தை. அனுமாரை நினைத்துக் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வாயில்லா ஜீவன் என்ற இரக்கம் புரிகிறது. ஆனால் காட்டுக்குள் பழம் தின்று விதையைத் துப்பி மரம் வளர்ப்பதே அந்தக் குரங்கின் தொழில். சாலையோரம் சாப்பாடு கிடைத்தால் அது காட்டுக்குள் போகாது, காரில் அடிபடும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சன்னலுக்கு வரும். 2020 ஜூன் முதல் வனவிலங்குக்கு உணவு போட்டால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். பிளாஸ்டிக் பையைக் கண்டால் சாப்பாடு என்று குரங்குகள் படித்துவைத்திருக்கின்றன, முதுகுப்பையில் வைத்து மூடிக்கொள்ளுங்கள். முறைத்துப் பார்க்காமல், பல்லைக் காட்டாமல் நடந்தால் அது தன் பாட்டுக்குப் போய்விடும்.

நடைபாதையில் சேறு இருந்தால் சேற்றிலேயே மிதியுங்கள். ஓரமாகச் சுற்றிப் போகும் ஒவ்வொரு காலும் பாதையை ஒரு அடி அகலமாக்குகிறது, வேர் வெளியே வருகிறது, அடுத்த மழையில் மண் ஓடுகிறது. புக்கிட் தீமாவை 2014 முதல் 2016 வரை இரண்டு வருடம் பெரும்பாலும் மூடி வைத்துச் சரிவுகளையும் பாதைகளையும் சீர்செய்ய வேண்டியிருந்தது.

களை எடுக்கப் போகும் நாளில் முழுக்கை, நீளக்கால்சட்டை, தடித்த கையுறை, ஒன்றரை லிட்டர் தண்ணீர். இலையடியில் குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வைக்கவும். கிளம்பும் முன் காலணியின் அடியைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். திரும்பி வந்தபின் இன்னொரு முறை. கிளிடீமியா விதை மணல் போலச் சின்னது.