இல்லப் புள்ளிகளைத் தாண்டி

கத்தோலிக்க ஆண்கள் பள்ளிகளில் ‘ஹவுஸ்’, அதாவது மாணவர்களைப் பிரித்துச் சேர்க்கும் ‘இல்லம்’, என்றதும் விளையாட்டு விழாவின் வண்ணக்கொடிகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதன் முக்கிய வேலை வேறு. 6ஆம் வகுப்புப் பையனும் 12ஆம் வகுப்பு அண்ணனும் ஒரே குழுவில் உட்கார வேண்டும். வகுப்புக்கு மூன்று நான்கு பேர் என்று 25 பேரைச் சேர்த்து, அவர்களுக்கு ஒரு பொறுப்பாசிரியர். அவரை வருடாவருடம் மாற்றவே கூடாது. வீட்டுக் கஷ்டத்தை ஒரு பையன் வாய்திறந்து சொல்ல மூன்று வருடம்கூட ஆகலாம்.

அண்ணன் தம்பியை ஒரே இல்லத்தில் போடுங்கள். மற்றவர்களுக்குச் சீட்டுக் குலுக்கல் போதும். நன்றாக ஓடுகிறவர்களைப் பொறுக்கியெடுக்க விட்டால் கோப்பை ஒரே இல்லத்தில் தங்கிவிடும், மற்றவர்கள் முயற்சியைக் கைவிடுவார்கள்.

பெரும்பாலும் கெடுவது புள்ளிகளில்தான். ஒருவன் தவறுக்கு மொத்த இல்லத்தின் புள்ளியைக் குறைத்தால், இடைவேளையில் அவனுக்குத் தண்டனை கொடுப்பது சக மாணவர்கள். அதைச் செய்யாதீர்கள். வெற்றிக்கு 10 என்றால், கலந்துகொண்ட ஒவ்வொருவனுக்கும் 1 கொடுங்கள். பாடகர் குழுவுக்கும் சேவைக்கும் விளையாட்டுக்கு இணையான பங்கு இருக்கட்டும்.

இல்லத்துக்குச் சூட்டிய புனிதரின் பெயர் பலகையோடு நின்றுவிடுவதும் வருத்தம்தான். ஞானப்பிரகாசியார் என்று நாம் அழைக்கும் அலோசியஸ் கொன்சாகா, 1591இல் ரோமில் கொள்ளைநோயாளிகளைப் பராமரித்து, நோய் தொற்றி 23 வயதில் இறந்தவர். அவர் பெயர் தாங்கிய இல்லம் ஜூன் 21 திருநாளில் திருப்பலி முடிந்ததும் நோயாளிகளைப் பார்க்கப் போகலாமே.