இங்கிலாந்து என்பது முழு நாடல்ல
ஐக்கிய இராச்சியம் முழுவதையும் ‘இங்கிலாந்து’ என்றே அழைக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. 1707-இல் இங்கிலாந்துடன் இணைந்தபோதும் தன் சட்ட முறையையும் நீதிமன்றங்களையும் திருச்சபையையும் விட்டுக்கொடுக்காத ஸ்காட்லாந்து, 1999 முதல் எடின்பரோவில் தனக்கென ஒரு நாடாளுமன்றத்தையும் நடத்திவருகிறது. 16-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயச் சட்டத்துக்குள் இணைக்கப்பட்டுவிட்ட வேல்ஸ், தன் மொழியை மட்டும் கைவிடவில்லை. நான் பெரிதும் மதிக்கும் அந்த உறுதிக்குப் பயனாக, வெல்ஷ் மொழி 2011-இல் சட்டப்படி அலுவல் மொழித் தகுதி பெற்றது. வட அயர்லாந்தில் 1998 அமைதி உடன்படிக்கையின்படி, ஐக்கிய இராச்சியத்தோடு இருக்க விரும்புவோரும் அயர்லாந்துடன் இணைய விரும்புவோருமான இரு தரப்பினரும் ஆட்சியைப் பகிர்ந்துகொள்கின்றனர். நான்கிலும் பெரியதான இங்கிலாந்துக்கோ தனி நாடாளுமன்றமே இல்லை: அதன் பள்ளிகளுக்கான சட்டங்களை, நான்கு பகுதிகளின் உறுப்பினர்களும் அமர்ந்திருக்கும், லண்டனிலுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றமே இயற்றுகிறது.