அடிக்கலாமா?

"இடப்பக்கமா அடிங்க சார், அதுதான் நல்லது." ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் கோல்ஃப் மைதானத்தில், பதினேழாவது டீயில், அதாவது அந்தக் குழிக்கு முதல் அடி அடிக்கும் இடத்தில், நான் சொன்னது இவ்வளவுதான். இதில் தப்பு இல்லை. ஆடுபவரின் பையைத் தூக்கி யோசனை சொல்லும் எந்தக் கேடியும் (caddie) அதைத்தான் சொல்லியிருப்பான்.

அங்கே நின்றால் ஃபேர்வே, பந்து விழ வேண்டிய புல்வெளி, கண்ணில் படாது. முன்னால் கொட்டகை. பழைய ரயில்வே கொட்டகைகள் இருந்த இடத்தில் அதே சாயலில் கட்டியது. சுவரில் எழுதியிருக்கும் ஓட்டல் பெயரில் ஓர் எழுத்தைக் காட்டி, "இதுக்கு மேல அடிங்க" என்போம். நன்றாக அடிப்பவர்களுக்கு மட்டும். பந்து கொஞ்சம் வலப்பக்கம் போனாலும் எல்லைக்கு வெளியே.

ஆட வந்தவருக்கு எழுபது தாண்டியிருக்கும். பதினாறு குழி நடந்ததில் முழங்கால் இழுத்துக்கொண்டிருந்தது. பதினான்காவதில் ஹெல் பங்கர் என்ற மணல் பள்ளத்தில் மாட்டி மூன்று அடி வீண். பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். அவர் கொட்டகையையே பார்த்துக்கொண்டு, "மேலே அடிக்கலாமா?" என்றார்.

நான் ஸ்கோர் அட்டையைப் பார்த்தேன். அதுவரை தொண்ணூறு அடி. நூறுக்குள் முடிக்க வேண்டும் என்று முதல் டீயிலேயே சொல்லியிருந்தார், நானாகக் கற்பனை செய்யவில்லை. அதுவும் இந்தக் குழியில் கணக்கே செல்லாது. 1978 ஓபன் போட்டியில் ஜப்பானிய வீரர் நாகாஜிமா, குழியைச் சுற்றியுள்ள கிரீனில் இருந்து தட்டிய பந்து பங்கருக்குள் உருண்டு, இந்த ஒரு குழிக்கே 9 அடி ஆயிற்று. அவருக்கே அந்தக் கதி!

அவர் தலையாட்டிவிட்டு இடப்பக்கம் அடித்தார். ஐந்தில் முடிந்தது. பதினெட்டில் நான்கு. மொத்தம் 99.

பதினெட்டாவது குழியின் வழியில் இருக்கும் ஸ்வில்கன் பாலத்தில் படம் எடுக்கும்போதுதான் சொன்னார்: "நாற்பது வருஷமா ராத்திரி தூக்கம் வராதப்போ எல்லாம் அந்தக் கொட்டகை மேல ஒரு பந்து அடிப்பேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குறை சொல்லவில்லை. எனக்குத் தாராளமாகவே கொடுத்துவிட்டுப் போனார்.

ஆங்கிலத்தில் 'கேன் ஐ' என்றாரா, 'ஷுட் ஐ' என்றாரா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. நான் தமிழிலேயே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். தமிழில் இரண்டும் 'அடிக்கலாமா'தான். யோசனை கேட்டவருக்கு யோசனை சொன்னேன் என்றால் சரி. அனுமதி கேட்டிருந்தால்? ஆனால் ஒரு கேடியிடம் போய் யார் அனுமதி கேட்பார்கள்! பையைத் தூக்குகிறவன் நான். அவர் பந்து, அவர் காசு. அடித்திருக்கலாமே.

ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயோடு நடப்பார்கள். அந்த ஞாயிறு நானும் போய் அந்த டீயில் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் நின்ற இடத்தில் இருந்து பார்த்தால் கொட்டகை அவ்வளவு உயரமாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் இன்னொருவர் அதையே கேட்டார். "தாராளமா அடிங்க சார்" என்றேன். இரண்டு பந்து ஓட்டல் பக்கம் போயிற்று. பதினெட்டு முடியும்வரை அவர் என்னோடு பேசவே இல்லை.